வாசித்தவர்கள் – 17: நாலு மாசி வீதியும் ஒரு தோடியும்

போன வாரம் மட்டி வாட்டர்ஸை சிகாகோவில் இறக்கிவிட்டு நிறுத்தியிருந்தோம். மிசிசிப்பி மாநிலத்து ஸ்டோவால் பருத்திப் பண்ணையில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர் 1943-ல் ரயிலேறினார். நகரத்து மதுக்கூடங்களின் இரைச்சலில் மரக் கிடார் எடுபடவில்லை, மின்சாரக் கிடாருக்கு மாறினார். 1950-ல் அவர் பதிவு செய்த ஒரு பாட்டின் பெயரை 1962-ல் லண்டன் பையன்கள் சிலர் தங்கள் குழுவுக்குச் சூட்டிக்கொண்டார்கள். ரோலிங் ஸ்டோன்ஸ் என்று சொன்னால் உலகத்துக்கே தெரியும். மட்டி வாட்டர்ஸ் என்றால் யோசிப்பவர்கள் இன்றும் நிறையப் பேர். பதினாறு வாரமாக நாம் பேசிவந்த ப்ளூஸ் கிடார்க்காரர்களில் அநேகம் பேருடைய கதை இந்த அச்சில்தான் இருக்கிறது. வாசித்தவர் ஒருவர், அந்த வாசிப்பால் பிழைத்தவர் வேறொருவர்.

இந்த வாரம் ஊர் திரும்பிவிடலாம். மதுரைக்கு.

மதுரையில் கிடார் வாசித்தவர்களே இல்லையா என்றால், இருந்தார்கள். தேவாலயப் பாடகர் குழுக்களிலும் மெல்லிசைக் குழுக்களிலும் இருந்தார்கள். ஆனால் நான் தேடுவது வாத்தியத்தை அல்ல. ஒரு ஊரின் பாட்டையே தங்கள் வாசிப்பால் திருப்பிவிட்டு, அதன் பிறகு வாசலுக்கு வெளியிலேயே நின்றவர்களைத் தேடுகிறேன். அப்படிப் பார்த்தால் மதுரையில் ஒரே ஒரு கூட்டத்தாரைத்தான் சொல்ல முடியும். நாயனக்காரர்கள்.

நாயனத்தை இதுவரை தள்ளி நின்று மட்டுமே பார்த்திருப்பவர்களுக்காகக் கொஞ்சம் பக்கத்தில் போவோம். உடல் ஆச்சா மரம். புது மரம் உதவாது. பழைய வீடுகளில் உத்தரமாகவும் தூணாகவும் இருந்து பல பத்தாண்டு காய்ந்த மரத்தைத்தான் கும்பகோணத்துப் பக்கம் நரசிங்கன்பேட்டை ஆசாரிகள் தேடி வாங்குவார்கள். கடைசல் பிடித்து உள்ளே குடைந்தெடுத்த குழல்தான் உலவு. அதன் கீழே விரிந்திருப்பது அணசு. மேலே உலோகக் கெண்டை, அதன் நுனியில் சீவாளி. காவிரிக் கரையில் விளையும் நாணல் வகைத் தட்டையைப் பக்குவப்படுத்திச் செய்யும் இந்தச் சீவாளி சுண்டுவிரல் நீளம்கூட இருக்காது. ஆனால் அன்றைய வாசிப்பு எப்படி அமையும் என்பதைத் தீர்மானிப்பது அதுதான். நாயனத்தின் கழுத்திலிருந்து நூலில் தொங்கும் மாற்றுச் சீவாளிகளையும் சிறு ஊசியையும் நீங்கள் பார்த்திருப்பீர்கள். கச்சேரி நடுவே வித்வான் அந்த ஊசியால் சீவாளியின் வாயைச் சற்றே நெகிழ்த்திவிட்டு, எச்சிலில் நனைத்து, ஒருமுறை ஊதிப் பார்த்துவிட்டுத்தான் அடுத்த ராகத்துக்குப் போவார்.

விரல் வைக்கும் துளைகள் ஏழு. கீழே விரல் படாத துளைகள் ஐந்து உண்டு. சுருதியைச் சரிசெய்ய அவற்றில் மெழுகு வைத்து அடைப்பதும் எடுப்பதுமாக இருப்பார்கள். கிளாரினெட்டில் இருப்பது போலச் சாவிகள் கிடையாது. பன்னிரண்டு சுரத்தானங்களையும் அவற்றுக்கு நடுவே உள்ளவற்றையும் ஏழு துளையில் எடுத்தாக வேண்டும். துளையை முழுதாக மூடுவது, பாதி மூடுவது, கால்வாசி திறப்பது, காற்றைக் கூட்டுவது குறைப்பது, உதட்டால் சீவாளியை இறுக்குவது விடுவது. எல்லாமே உடம்பால் நடப்பவை, இயந்திரத்துக்கு அதில் வேலையில்லை. அதனாலேயே இந்த வாத்தியத்தில் சுரம் ஒரு புள்ளியில் நிற்பதில்லை, வழுக்கிக்கொண்டே வருகிறது. கமகத்துக்கென்றே பிறந்த வாத்தியம்.

பி.பி. கிங்கைப் பற்றிய பகுதியில், தன் உறவினர் புக்கா வைட் கம்பியின் மேல் உருளையை வழுக்கி எழுப்பிய ஒலி தனக்கு வராததால், விரலைக் கம்பியில் நடுக்கி அதே ஒலியைப் பிடிக்கப் பார்த்தார் என்று சொல்லியிருந்தேன். அந்த நடுக்கம்தான் பிறகு அவர் கையெழுத்து ஆயிற்று. ப்ளூஸில் உயிர் இருக்கும் காந்தாரம் நம் சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் இடையில் எங்கோ இருக்கிறது. பியானோவில் அதற்குக் கட்டை கிடையாது, கம்பியை இழுத்தால்தான் வரும். தோடியின் காந்தாரத்தை ஆர்மோனியத்தில் ஒரு கட்டையை அமுக்கிக் காட்டிவிட முடியாது என்பது நம் ஊர்ப் பாட்டு வாத்தியார்கள் எல்லாரும் சொல்வது. இரண்டு நாட்டு இசைக்கும் உறவு இருக்கிறது என்று கதை கட்ட நான் தயாராக இல்லை. எதிரெதிர் மூலையில் இருந்த இரண்டு கூட்டத்தார் ஒரே மாதிரியான வேலையில் இறங்கியிருந்தார்கள், அவ்வளவுதான்.

இனி வீதிக்கு வருவோம்.

மீனாட்சியம்மன் கோயிலைச் சுற்றி மதுரை சதுரம் சதுரமாக விரிகிறது. உள்ளே ஆடி வீதி, வெளியே சித்திரை வீதி, பிறகு ஆவணி மூல வீதி, மாசி வீதி, வெளி வீதி. சித்திரைத் திருவிழாவில் சுவாமியும் அம்மனும் காலையும் இரவும் நாலு மாசி வீதியும் சுற்றி வருவார்கள். சுவாமி புறப்படும்போது கம்பீரநாட்டையில் மல்லாரி. தவிலும் நாயனமும் சேர்ந்து எழும் அந்த மல்லாரியைக் கேட்டுத்தான் கடைத்தெரு எழுந்து நிற்கும். மல்லாரி முடிந்து வீதியில் திரும்பியதும் ராகம் தொடங்குகிறது. இரவானால் தோடி, காம்போதி, கரகரப்பிரியா, சங்கராபரணம் போன்ற பெரிய ராகங்களில் ஒன்று. சப்பரம் நகர்வது ஆமை நடைதான். அடிக்கு ஒரு மண்டகப்படி, அங்கங்கே தேங்காய் உடைத்துத் தீபாராதனை. கீழ மாசி வீதியில் ஆரம்பித்த ராகம் வடக்கு மாசி வீதியிலும் முடிந்திருக்காது. வாசிப்பவர் அவசரப்பட வேண்டியதில்லை. பாட்டுக்கு வரியில்லை, நேரத்துக்கு வரம்பில்லை, எதிரே டிக்கெட் வாங்கியவன் யாரும் உட்கார்ந்திருக்கவில்லை. இரண்டு மூன்று மணி நேரம் ஒரே ராகத்துக்குள் நடந்தபடி இருக்கலாம்.

கர்நாடக இசையின் மகுடம் என்று சபாக்காரர்கள் சொல்லும் ராக ஆலாபனை இந்த நடையில் வளர்ந்தது என்பது என் முடிவு. பாடகருக்குச் சாகித்யம் என்ற கைப்பிடி உண்டு. நாயனக்காரருக்கு அது இல்லை. வார்த்தை இல்லாமல் ஒரு ராகத்தை இரவு முழுக்க நிறுத்திவைக்க வேண்டிய கட்டாயம் இருந்தவர் அவர்தான். எந்தச் சுரத்தில் நின்றால் கூட்டம் நிற்கும், எந்தப் பிடியில் தவில்காரர் தலையாட்டுவார், ராகத்தின் எந்த மூலையை முதலில் காட்டி எதை விடியும்வரை மறைத்து வைக்க வேண்டும் என்பதெல்லாம் வீதியில் கற்றது. பாடகர்கள் திண்ணையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

திண்ணை என்றதும் ஒரு வீட்டைச் சொல்ல வேண்டும். மேல மாசி வீதிக்கு அருகே அனுமந்தராயன் கோயில் தெருவில் வீணை சண்முகவடிவு குடியிருந்தார். அவர் தாயார் அக்கம்மாள் வயலின் வாசித்தவர். அந்த வீட்டில்தான் 1916 செப்டம்பர் 16-ல் எம்.எஸ். சுப்புலட்சுமி பிறந்தார். பத்து வயதில், 1926-ல், தாயின் வீணையோடு பாடி முதல் இசைத்தட்டு கொடுத்த குழந்தை அது. குரல் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே அந்தக் காதுக்குள் வீணையும் வயலினும் ஊர்வல நாயனமும் போயிருந்தன. எம்.எஸ்.ஸின் சங்கராபரணத்தைக் கேட்கிறவர்கள் அவருடைய குருமார்களின் பட்டியலை ஒப்பிப்பார்கள். அந்தப் பட்டியலில் வீதிக்கும் ஓர் இடம் கொடுக்கலாம்.

அந்தக் காலத்து மதுரை நாயனத்தின் பெரிய பெயர் பொன்னுசாமி பிள்ளை. வாசிப்பில் மட்டும் பெரியவராக இருந்திருந்தால் இந்தத் தொடரில் இரண்டு வரியோடு கடந்திருப்பேன். அவர் சண்டைக்காரரும்கூட. சண்டை இலக்கணத்தோடு. ‘பூர்வீக சங்கீத உண்மை’ என்று அவர் எழுதிய நூல் 1930-ல் வெளிவந்தது. பதினேழாம் நூற்றாண்டில் வேங்கடமகி வகுத்த 72 மேளகர்த்தா என்ற அமைப்பு சங்கீத உலகத்தின் வேதம் மாதிரி இருந்த நாளில், தாய் ராகங்கள் 72 அல்ல, 32-தான் என்று அதில் வாதிட்டார்.

இதன் கணக்கு எளிமையானது. ரிஷபமும் காந்தாரமும் சேரும் வகைகள் ஆறு. அவற்றில் இரண்டில் சுரங்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு நிற்கும். சதுஸ்ருதி ரிஷபம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காந்தாரம் வந்து உட்காரும், அல்லது சாதாரண காந்தாரத்தின் இடத்தில் ஒரு ரிஷபம் ஏறிக்கொள்ளும். விவாதி என்பார்கள். அவற்றைத் தள்ளினால் மிச்சம் நான்கு. தைவதம், நிஷாதத்திலும் அப்படியே நான்கு. நான்கை நான்கால் பெருக்கி, மத்தியமம் இரண்டு என்பதால் இரட்டித்தால் 32. மீதி நாற்பதும் கணக்குக்காகப் பிறந்தவை என்பது இந்த வாதம்.

நாட்டை, வராளி போன்ற பழைய ராகங்களை என்ன செய்வது என்ற கேள்வி உடனே எழும். எனக்கும் அந்த இடத்தில் 32-ஐ முழுசாக ஒப்புக்கொள்ள முடியவில்லை. ஆனாலும் அதைப் படிக்கும்போது, ஏட்டிலிருந்து எழுதியவர் ஒருவருக்கும் விரலிலிருந்து எழுதியவர் ஒருவருக்கும் உள்ள வித்தியாசம் தெரிகிறது. ஏழு துளையில் காலமெல்லாம் ஊதியவருக்கு எது ராகம், எது வெறும் எண்ணிக்கை என்று கேட்க உரிமை உண்டு. தஞ்சாவூரில் ஆபிரகாம் பண்டிதர் 1917-ல் ‘கருணாமிர்த சாகர’த்தைக் கொண்டுவந்து சுருதிக் கணக்கை உலுக்கியிருந்தார். அடுத்த பதின்மூன்று ஆண்டுக்குள் மதுரையிலிருந்து இது. சங்கீதத்துக்கு இலக்கணம் சொல்லும் வேலை ஒரு சாராருக்கு மட்டும் எழுதிவைத்த சொத்து அல்ல என்று சொன்ன இரண்டு புத்தகங்கள். பிந்தியதை இன்றைய இசை மாணவர்கள் பெயரளவில்கூட அறிந்திருக்கிறார்களா என்பது சந்தேகம்.

நாயனத்தின் பிடிகள் குரலுக்குள் எப்படிப் போயின என்பதற்குத் தஞ்சாவூர்ப் பக்கத்து உதாரணம்தான் எல்லாருக்கும் தெரிந்தது. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898–1956) எழுப்பிய மின்னல் பிருகாக்களை ஜி.என். பாலசுப்பிரமணியம் தொண்டைக்குக் கொண்டுவந்தார். 1930-களுக்குப் பிறகு ஆண்குரல் பாட்டின் வேகமே மாறிப்போனது. ராஜரத்தினம் இன்னொன்றும் செய்தார். நாலு நாலரைக் கட்டையில் அலறும் குட்டையான திமிரி நாயனத்தை விட்டு, நரசிங்கன்பேட்டை ரங்கநாதன் ஆசாரி கடைந்து கொடுத்த நீண்ட பாரி நாயனத்துக்கு மாறினார். சுருதி இரண்டு இரண்டரைக் கட்டைக்கு இறங்கியது. வீதிக்கான வாத்தியம் மேடைக்கு இறங்கிவந்தது என்றும் சொல்லலாம். மட்டி வாட்டர்ஸ் இரைச்சலுக்குள் போய்ச் சத்தத்தைக் கூட்டினார், இவர் இரைச்சலை விட்டு வந்து சத்தத்தைக் குறைத்தார். இருவருக்கும் பிறகு வந்தவர்கள் பழைய வாத்தியத்துக்குத் திரும்பவில்லை.

மதுரையிலேயே ஒரு குரல் வேண்டுமென்றால் சோமு இருக்கிறார். சித்தூர் சுப்பிரமணியப் பிள்ளையிடம் படித்தவர். ஆனால் மதுரை சோமுவின் காம்போதியையோ தோடியையோ கண்ணை மூடிக் கேளுங்கள். அந்த மூச்சும், ஒரு பிடியைப் பிடித்துக்கொண்டு விடாமல் குடைகிற பிடிவாதமும், கோயில் வாசலில் நள்ளிரவைத் தாண்டியும் பாடும் சளைக்காத உடம்பும் நாயனக்காரருடையவை. 1972-ல் ‘தெய்வம்’ படத்தில் மருதமலை முருகனைப் பாடித் தமிழ்நாடெங்கும் வீட்டுக்கு வீடு தெரிந்தவர் ஆனார். அந்தப் பாட்டிலும் மேலே ஏறும் இடங்களில் தொண்டை பாடவில்லை, ஊதுகிறது.

மணி ஐயரை விட்டுவிட்டால் மதுரைக்காரர்கள் சும்மா விடமாட்டார்கள். அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர் மதுரையில் நடத்திய தியாகராஜ சங்கீத வித்யாலயத்தில் படித்தவர் மதுரை மணி ஐயர். வெள்ளைக்காரன் பாண்டு வாத்தியத்தின் மிடுக்கில் பாகவதர் போட்ட ‘இங்கிலீஷ் நோட்’டை அவர் சுரம் சுரமாக உருட்டிப் பாடினால் கடைசி வரிசை டீக்கடைக்காரரும் தொடை தட்டுவார். நாயனக்காரர்களும் அந்த நோட்டைக் கல்யாண வீடுகளில் வாரிக் கொடுத்தார்கள். குரலிலிருந்து குழலுக்கும் சில சங்கதிகள் போயிருக்கின்றன, ஒருவழிப் பாதை இல்லை.

இப்போது துண்டுக்கு வருகிறேன்.

நாயனம் ஊதுவது உடம்பு வேலை. ஊர்வலத்தில் தீவட்டி வெளிச்சத்துக்கும் சூட்டுக்கும் நடுவே நடந்துகொண்டே ஊதும்போது நெற்றி வியர்வை கண்ணுக்குள் இறங்கும். துடைக்கத் தோளில் ஒரு துண்டு வேண்டும். அந்தத் துண்டுக்குத்தான் அனுமதி இல்லாமல் இருந்தது. மேல்சட்டை கிடையாது, துண்டை இடுப்பில்தான் கட்டிக்கொள்ள வேண்டும். பெரிய மனிதர்கள் முன்னே தோளில் துணி கிடந்தால் மரியாதைக் குறைவு. எந்த ஊர் வித்வானாக இருந்தாலும் இந்தச் சட்டத்துக்கு விலக்கில்லை.

சுயமரியாதை இயக்கம் சூடு பிடித்த ஆண்டுகளில் செட்டிநாட்டில் கானாடுகாத்தான் கல்யாணம் ஒன்றுக்கு நாயனம் வாசிக்கப் போயிருந்தவர் மதுரை சிவக்கொழுந்து. ஊர்வலம் நடந்துகொண்டிருக்கிறது. தோளில் துண்டு கிடப்பதைப் பார்த்த ஊர்க்காரர்கள் எடுக்கச் சொல்லி அதட்டினார்கள். வியர்வை துடைக்கத்தான் வைத்திருக்கிறேன் என்று அவர் சொல்லிப் பார்த்தார், எடுபடவில்லை. கல்யாணத்துக்கு வந்திருந்த சுயமரியாதை இயக்கப் பேச்சாளர் பட்டுக்கோட்டை அழகிரி நடுவே புகுந்தார். துண்டை எடுக்காதே, நீ பாட்டுக்கு வாசி என்று சிவக்கொழுந்துவிடம் சொல்லிவிட்டு அவர் பக்கத்திலேயே நின்றுகொண்டார். வாக்குவாதம் வளர்ந்தது. துண்டு தோளைவிட்டு இறங்கவில்லை.

சிவக்கொழுந்து அன்று எந்த ராகத்தை வாசித்தார் என்று யாரும் எழுதிவைக்கவில்லை. துண்டைத்தான் எழுதி வைத்திருக்கிறார்கள். அதில் தப்பொன்றும் இல்லை. பி.பி. கிங்கும் அவர் குழுவினரும் பஸ்ஸில் ஊர் ஊராகப் போன நாளில், தெற்கு மாநிலங்களில் தங்க விடுதி கிடைக்காமலும், பெட்ரோல் போட்ட இடத்திலேயே கழிப்பறைக்கு விடமாட்டேன் என்று சொல்லக் கேட்டும் அலைந்ததைப் படிக்கும்போது எனக்குக் கானாடுகாத்தான்தான் ஞாபகம் வரும். சாமிக்கு முன்னால் நடக்கிறவர், தாலி ஏறும் நொடிக்கு அவர் மேளம் இல்லாமல் ஆகாது, தோளில் ஒரு முழத் துணி மட்டும் கூடாது. பிற்பாடு ராஜரத்தினம் பிள்ளை கிராப்பு வைத்து, சட்டை போட்டு, மேடையில் உட்கார்ந்துதான் வாசிப்பேன் என்று நின்றபோது அதைத் தலைக்கனம் என்றவர்கள் உண்டு. அந்தத் தலைக்கனத்துக்குப் பின்னால் எத்தனை பேருடைய வியர்வை இருக்கிறது என்று அவர்கள் யோசிக்கவில்லை.

இனி 1968. அந்த ஆண்டு மார்ச் மாதம் எரிக் கிளாப்டனின் ‘கிரீம்’ குழு சான்பிரான்சிஸ்கோ மேடையில் ராபர்ட் ஜான்சனின் ‘கிராஸ்ரோட்’ பாட்டை வாசித்துப் பதிவு செய்தது. ஜான்சன் அதை 1936-ல் டெக்சாஸ் ஓட்டல் அறை ஒன்றில் பாடி, 1938-ல் இருபத்தேழு வயதில் செத்துப்போயிருந்தார். முப்பது வருஷம் கழித்துத்தான் உலகம் அந்தப் பாட்டைக் கேட்டது, அதுவும் இன்னொருவர் கையால். அதே 1968 ஜூலையில் தமிழ்நாட்டில் ‘தில்லானா மோகனாம்பாள்’ வெளியானது.

ஆனந்த விகடனில் ‘கலைமணி’ என்ற பெயரில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய தொடர்கதை. ஏ.பி. நாகராஜன் இயக்கம், கே.வி. மகாதேவன் இசை. கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் காவிரிக்கரைக்காரர். ஆனால் சிவாஜி கணேசன் கன்னம் உப்ப, கழுத்து நரம்பு புடைக்க ஊதும்போது நாம் கேட்கும் மூச்சு வைகைக்கரை மூச்சு. மதுரை எம்.பி.என். சேதுராமன், எம்.பி.என். பொன்னுசாமி சகோதரர்களுடையது. பொன்னுசாமி பிள்ளையின் பேரன்கள். 32 மேளம் என்று வாதாடிய தாத்தாவின் வீட்டுப் பிள்ளைகள்.

படத்தின் தொடக்கத்தில் வரும் ‘நகுமோமு’வை மறுபடி கேட்டுப் பாருங்கள். ஆபேரி. ஆறு வருஷத்துக்கு முன்னால் 1962-ல் ‘கொஞ்சும் சலங்கை’யில் காருகுறிச்சி அருணாசலம், எஸ். ஜானகியின் குரலோடு சேர்ந்து வாசித்த ‘சிங்காரவேலனே’யும் ஆபேரிதான். அங்கே நாயனம் குரலைத் துரத்துகிறது. இங்கே துரத்த யாருமில்லை, இரண்டு நாயனமும் ஒன்றையொன்று முந்தவிட்டுக் கொடுத்துக்கொண்டே போகின்றன. சேர்ந்து வாசிப்பதில் உள்ள கஷ்டத்தை யாராவது நாயனக்காரரிடம் கேளுங்கள். இருவரும் ஒரே துளையை ஒரே அளவு பாதி மூட வேண்டும், ஒரே நேரத்தில் மூச்செடுத்தால் நடுவே காற்று விழுந்துவிடும். ஒருவர் விட்ட மூச்சின் இடுக்கில் இன்னொருவர் இருக்க வேண்டும். அண்ணன் தம்பிகள் இந்தக் கலையில் அதிகம் ஜோடி சேர்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

வெள்ளைக்காரத் துரைகளுக்கு எதிரே சிக்கலார் மேற்கத்திய நோட்டை ஊதிக் காட்டும் காட்சியையும் தமிழர்கள் மறக்கவில்லை. மாசி வீதிக் கல்யாணங்களில் கைதட்டு வாங்கிய சரக்கு வெள்ளித்திரைக்கு ஏறிய இடம் அது. படத்துக்குப் பிறகு சகோதரர்களுக்குத் தமிழர் இருக்கும் இடமெல்லாம் அழைப்பு வந்தது. விளம்பரங்களில் பெயருக்கு முன்னால் ‘தில்லானா மோகனாம்பாள் புகழ்’ என்று போட்டார்கள். தலைமுறை தலைமுறையாய் வாசிக்கும் வீட்டுக்கு ஒரு கற்பனைப் பாத்திரம் அடைமொழி தந்தது. எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. டைட்டிலில் பெயர் போட்டார்கள், சம்பளம் தந்தார்கள், ஜான்சனுக்கு நடந்ததோடு ஒப்பிட்டால் எவ்வளவோ மேல் என்று யாராவது சொன்னால் மறுக்கவும் முடியாது.

பெண்கள் நாயனம் தொடுவதையே ஊர் வித்தியாசமாகப் பார்த்த நாளில் அதை எடுத்து ஊதியவர் மதுரை எம்.எஸ். பொன்னுத்தாய். சித்திரைத் திருவிழாவில் வாசித்தவர். மேடையில் நாயனம் வாசித்த முதல் தலைமுறைப் பெண்களில் முன்வரிசை. கணவர் காலமானதும் நாயனத்தைக் கீழே வைத்துவிட்டார், மங்கல வாத்தியமாயிற்றே. 2012-ல் மறைந்தார். அவர் வாசிப்பு நின்ற காரணத்தை எழுதும்போது, கானாடுகாத்தானில் ஓர் அழகிரி குறுக்கே வந்த மாதிரி இங்கே யாரும் வரவில்லையே என்று தோன்றுகிறது.

கோயிலை விட்டு நகர்ந்தால், திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் என்று சுற்றுவட்டாரமெங்கும் வேறு நாயனம் ஒன்று உண்டு. நையாண்டி மேளம். நாயனம், தவிலோடு பம்பையும் தமுக்கும் சேர்ந்துகொள்ளும். கரகாட்டத்துக்கும் குறவன் குறத்தி ஆட்டத்துக்கும் இதுதான் முதுகெலும்பு. மாரியம்மன் பொங்கலுக்கு விடிய விடிய அடிப்பார்கள். சபா விமர்சகர்கள் இந்த நாயனத்தைச் சங்கீதத்தில் சேர்ப்பதில்லை. சேர்க்காதது அவர்கள் நஷ்டம். கோயில் நாயனம் ராகத்தை விரிக்கும், இந்த நாயனம் தாளத்தைக் கிளப்பும். ஆட்டக்காரியின் கால் எங்கே விழப்போகிறது என்று பார்த்து அந்த இடத்தில் ஒரு கீறல் ஒலியைக் கொண்டுபோய் வைப்பார் பாருங்கள், அதைப் பள்ளிக்கூடத்தில் கற்க முடியாது.

1989-ல் வந்த ‘கரகாட்டக்காரன்’ மதுரையில் ஒரு வருஷத்துக்கு மேல் ஓடியது. தவில்காரராகக் கவுண்டமணி, நாயனக்காரராகச் செந்தில். வாழைப்பழம் நினைவிருக்கும், நாயனம் யாருக்கும் நினைவிருக்காது. தமிழ் சினிமாவில் நாயனக்காரர் ஒன்று சிக்கல் சண்முகசுந்தரமாக இருக்க வேண்டும், இல்லையென்றால் செந்திலாக இருக்க வேண்டும். நடுவே, தை மாத முகூர்த்தத்துக்கு அட்வான்ஸ் வாங்கிக்கொண்டு, சீவாளிக்கு வெயில் காட்டிக்கொண்டு, பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் சேர்த்துவிட்டு உட்கார்ந்திருக்கும் நிஜ நாயனக்காரரைத் திரை இன்னும் பார்க்கவில்லை.

அவர் தொழில் இன்று எப்படி இருக்கிறது என்று மதுரைக் கல்யாண மண்டபங்களில் ஒரு மாசம் சுற்றினால் தெரிந்துவிடும். வரவேற்புக்குக் கேரளத்துச் செண்டை மேளம், இரவுக்கு டிஜே, தாலி கட்டும் நேரத்துக்கு மட்டும் நாயனம். சிறிய கோயில்களில் சுவிட்சைப் போட்டால் மணியும் முரசும் தானே அடித்துக்கொள்ளும் இயந்திரம் தீபாராதனையைப் பார்த்துக்கொள்கிறது. இன்னொரு பக்கம் பசுமலை அரசு இசைக்கல்லூரியில் மாணவர்கள் நாயனமும் தவிலும் படிக்கிறார்கள். நரசிங்கன்பேட்டை நாயனத்துக்கு 2022-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. வாத்தியத்துக்குக் காப்பு வந்துவிட்டது. வாசிப்புக்கு அப்படி ஒன்று வர வழியில்லை. சிகாகோவின் வில்லி டிக்சன் 1985-ல் லெட் செப்பலின் மேல் வழக்குப் போட்டு, இரண்டு வருஷத்தில் அவர்களைச் சமரசத்துக்கு இறக்கிப் பணம் வாங்கினார், ஏனென்றால் அவரிடம் எழுதிய வரிகள் இருந்தன. தோடியில் ஒரு பிடியை வடக்கு மாசி வீதி முனையில் முதலில் கண்டுபிடித்தவர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

ஆனால் நையாண்டி மேளத்துக்கு நடந்தது வேறு. அதன் அடி ஒருவர் காதில் ஏறிக்கொண்டது. அப்போது மதுரை மாவட்டத்துக்குள் இருந்த பண்ணைப்புரத்தில், மட்டி வாட்டர்ஸ் சிகாகோவுக்கு ரயிலேறிய அதே 1943-ல் பிறந்தவர் அவர். அண்ணன் பாவலர் வரதராஜனோடு மேடை மேடையாக அலைந்து, பிறகு சென்னைக்குப் போய், ஒலிப்பதிவுக் கூடங்களில் கிடார்க்காரராக உட்கார்ந்தார். கிடாரைத் தேடி வரவில்லை என்று ஆரம்பத்தில் சொன்னேன். அடுத்த வாரம் தேட வேண்டியிருக்கும்.

(தொடரும்)